பழைய கணிப்பொறியும் கட்டற்ற இயங்குதளமும்

பாலிகஞ்சிலும் அதனை அடுத்த லேக் மார்க்கெட்டுப் பகுதியிலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், கூடத்தின் மூலையிலோ சன்னலின் ஓரத்திலோ, பழைய மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஒரு பொருள் அமர்ந்திருப்பதைக் காணலாம். ஆண்டு முழுவதும் அதன் பக்கம் எவரும் செல்வதில்லை. வங்காள அன்பர்கள் செப்டம்பர் மாதத்தில் விசுவகர்ம பூஜையன்றே தங்கள் யந்திரங்களுக்கு மாலையிட்டு முடித்துவிடுவர். நாமோ நவராத்திரியில் ஆயுத பூஜை வரையில் காத்திருந்து, அன்று அந்தப் போர்வையை நீக்கித் தூசு தட்டி, சந்தனமும் குங்குமமும் இட்டு, மறுநாளே மீண்டும் போர்த்திவிடுகிறோம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கிய மேசைக் கணிப்பொறிதான் அது.

அது ஏன் போர்வைக்குள் போயிற்று என்று வீட்டாரைக் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். “மெதுவாகிவிட்டது” என்பர் சிலர். “இதற்கு இனிமேல் அப்டேட் வராதாம்” என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் உண்மையில் வெவ்வேறானவை. முதல் விடை யந்திரத்தின் உடல்நிலையைப் பற்றியது. மற்றொன்றோ ஒரு நிறுவனத்தின் வியாபார முடிவைப் பற்றியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்தியது. வீட்டு உபயோகத்தார்க்கு 2026 அக்டோபரில் முடிவதாக ஓராண்டு நீட்டிப்பும் அளித்தது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, 2021-இல் வெளிவந்தது. அதனை முறைப்படி ஏற்க வேண்டுமாயின் பொறியில் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருத்தல் வேண்டும். இன்டெல் செயலியாயின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆதல் வேண்டும். அந்த எட்டாம் தலைமுறை 2017-இல் பிறந்தது. ஆகவே 2013-லோ 2015-லோ வாங்கிய பொறி, எவ்வளவு திடகாத்திரமாக இருந்தாலும், வாயிற்படியிலேயே நிறுத்தப்படுகிறது. ஆதரவு நின்றபின் பொறி ஓடாமல் போய்விடுமோ என்றால், போகாது. ஓடும். ஆனால் அதன்பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பார் இல்லை. அத்தகைய பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவுக்குத் தாழ் இல்லாத வீட்டில் நகைப்பெட்டியைத் திறந்து வைப்பது போன்றது.

ஒரு யந்திரம் பழையதாகிவிட்டது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருடையது என்பதே நம்முன் நிற்கும் கேள்வி. செய்தவருடையதா, வாங்கியவருடையதா? நம் பாட்டிமார் வெண்கலப் பானைக்கு ஈயம் பூசி மீண்டும் அடுப்பில் ஏற்றினர். பானையைச் செய்த கன்னானிடம் சென்று அனுமதி கேட்கவில்லை. கணிப்பொறிக்கும் அவ்வாறு ஈயம் பூசும் வழியொன்று உண்டு. லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்களே அவ்வழி.

இவை யூனிக்ஸ் என்னும் மரபைச் சேர்ந்தவை. அம்மரபின் பிறப்பே நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமான வரலாறு. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸன் என்பாரும் டென்னிஸ் ரிச்சி என்பாரும் புதியதோர் இயங்குதளத்தைச் சமைக்க விரும்பினர். அதற்கெனப் பெரிய யந்திரம் எதுவும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அதிகம் பயன்படாமல் ஒதுங்கிக் கிடந்த பி.டி.பி.-7 என்ற பழைய பொறியொன்றே கிடைத்தது. அதன் நினைவகம் 18 பிட் அளவுள்ள சொற்கள் எட்டாயிரத்துச் சொச்சம். இன்றைய கணக்கில் சுமார் 18 கிலோபைட். உங்கள் வீட்டு மூலையில் போர்வைக்குள் இருக்கும் பொறியில் 4 ஜி.பி. நினைவகம் இருக்குமாயின், அது யூனிக்ஸ் பிறந்த பொறியைக் காட்டிலும் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மடங்கு பெரிது! ஒதுக்கப்பட்ட யந்திரத்தில் பிறந்த மரபு ஒதுக்கப்பட்ட யந்திரங்களுக்கு இன்று துணை நிற்பதில் வியப்பில்லை.

பின்னர் 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் படித்தறியவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள யூனிக்ஸ் போன்ற அமைப்பொன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். அதுவே குனூ திட்டம். 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தம்மிடமிருந்த 386 வகைப் பொறிக்காக ஒரு கருநிரலை எழுதினார். அது லினக்ஸ் ஆயிற்று. இரண்டும் சேர்ந்ததையே இன்று டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்று பல பெயர்களில் பெறுகிறோம். பெர்க்லி வழி வந்த நெட்.பி.எஸ்.டி., ஃப்ரீ.பி.எஸ்.டி. என்னும் உறவினரும் உளர். அவர்கள் சற்றுப் பழகியோர்க்கே உரியவர்.

கல்கத்தாவுக்கு இந்தக் கதையில் இடம் உண்டா என்று கேட்போருக்கு ஒன்று கூறலாம். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி வந்திறங்கியதே இந்நகரத்தில்தான். 1955-56-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி.-2எம் என்ற பொறியைத் தருவித்து பரானகரில் நிறுவிற்று. அதற்கு இயங்குதளம் என்று ஒன்றே கிடையாது. யந்திர மொழியிலேயே கட்டளை எழுத வேண்டும். பின்னர், அந்நிறுவனத்தாரும் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தாரும் கூடித் தாங்களே டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு ஒரு கணிப்பொறியை வடிவமைத்து 1966-இல் இயக்கினர். இரு நிறுவனங்களின் பெயரையும் சேர்த்து ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 என்று அதற்குப் பெயர். பாலிகஞ்ச் ஜங்ஷனில் தெற்கே செல்லும் லோக்கல் ரெயிலில் ஏறினால் அடுத்தது டாகுரியா, அதற்கடுத்தது யாதவ்பூர். இரண்டே நிலையத் தொலைவில், யந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று அறிந்து தம் கைகளாலேயே கட்டிய மனிதர் இருந்தனர். பெட்டியின் மூடியைக் கழற்றவே அஞ்சும் நாம் அவர்களை நினைத்துக்கொள்வது தகும்.

இனி மூடியைக் கழற்றுவோம். மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு என்று சொல்லத் தேவையில்லை; ஆயினும் சொல்லி வைக்கிறோம்.

கல்கத்தாவின் மழைக்காலத்தை அறிந்தவர்க்கு உள்ளே காணப்போவது என்ன என்பது தெரிந்ததே. ஈரமும் தூசும் கலந்து விசிறியின் இறக்கைகளில் கம்பளம் போல் படிந்திருக்கும். கரப்பான்பூச்சிகள் குடும்பம் நடத்தியிருப்பதும் உண்டு. “மெதுவாகிவிட்டது” என்ற குற்றச்சாட்டில் ஒரு பங்கு இந்த அழுக்கினுடையது. ஏனெனில் செயலி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் தூசை நீக்குங்கள். நினைவகப் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். தாய்ப்பலகையில் உருளையாய் நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் மட்டும் ரிப்பேர்க்காரரிடம் காட்டுவது நலம்.

அதே பலகையில் நாணயம் போன்ற மின்கலம் ஒன்று இருக்கும். சி.ஆர். 2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இச்சிறு பொருள் செய்யும் கலகம் பெரிது. இது தீர்ந்துபோனால் பொறியின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். வங்கியின் வலைத்தளம் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழோ இந்த ஆண்டில் வழங்கப்பட்டது. இன்னும் பிறக்காத நாளில் எழுதிய சான்றிதழா என்று உலாவி ஐயுற்றுக் கதவை அடைத்துவிடும். இன்டர்நெட் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பொறியையே மூடி வைத்த வீடுகளை நாம் பாலிகஞ்சிலேயே கண்டிருக்கிறோம்.

அடுத்து, பொறியின் தகுதியை அறிய வேண்டும். செயலி 64 பிட் வகையா என்பது முதற்கேள்வி. 2006-இல் வந்த கோர் 2 டுவோ முதல் அதற்குப் பிந்திய இன்டெல் மேசைப் பொறிகள் பெரும்பாலும் அவ்வகையே. அதற்கும் முற்பட்ட 32 பிட் பொறிகளுக்கு வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, அவற்றில் நிறுவுவதற்கான பதிப்பை வெளியிடவில்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற மிக இலேசான சில மட்டுமே இன்னும் அவற்றை ஆதரிக்கின்றன. லினக்ஸுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எந்த 386 பொறிக்காக அது எழுதப்பட்டதோ, அந்த 386-ஐயே 2013-இல் வந்த 3.8-ஆம் பதிப்போடு அது கைவிட்டது! ஆயினும் அது நடந்தது அச்செயலி வெளிவந்து ஏறக்குறைய 27 ஆண்டுகளுக்குப் பின்னர்.

நினைவகம் 4 ஜி.பி. இருப்பின் நன்று. 2 ஜி.பி. ஆயின் கூடுதல் பட்டை ஒன்று வாங்கிச் சேர்க்கலாம். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் ஏழாவது நிலையம் சாந்தினி சவுக். புதிய கடைகளில் மறைந்துபோன டி.டி.ஆர்.3 பட்டைகள் அங்கே பழைய சரக்காகக் கிடைக்கும். பேரம் பேசுவதற்கு நம்மவர்க்குச் சொல்லித்தர வேண்டுமா? கையோடு ஒரு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வட்டும் வாங்கிவிடுங்கள், அதை மட்டும் புதியதாக வாங்குக. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கை நீக்கி இதனைப் பொருத்துவதால் உண்டாகும் வேகத்தை வேறு எந்த மருந்தாலும் உண்டாக்க முடியாது. ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியுமென்றால் இதனையே செய்ய வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இனி இயங்குதளம். பழைய வட்டிலுள்ள கடிதங்களையும் படங்களையும் முதலில் வேறொரு வட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பின்னர் நண்பர் ஒருவரின் பொறியில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பையோ டெபியனையோ இறக்கி, ஒரு பென் டிரைவில் எழுதச் செய்யுங்கள். பொறியை இயக்கும்போது எஃப்12 அல்லது டெலிட் விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு ஆணையிட வேண்டும். இங்கேதான் இம்முறையின் அழகு தெரியும்: வட்டில் எதனையும் எழுதாமல், முழு இயங்குதளமும் பென் டிரைவிலிருந்தே ஓடிக் காட்டும். டெபியனை விரும்புவோர் இதற்கென உள்ள ‘லைவ்’ பதிப்பைத் தேர்ந்துகொள்க. பெண் பார்க்கப் போவது போல, முகூர்த்தத்துக்கு முன்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். ஒலி கேட்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி அசைகிறதா, திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்று நிதானமாகச் சோதியுங்கள். ஒத்துவரவில்லையெனில் பென் டிரைவை உருவிவிட்டால் பழைய நிலைமையே திரும்பும். ஒத்துவந்தால் நிறுவுவதற்கு அரை மணி நேரமே ஆகும்.

நிறுவியபின் எதிர்பாராத ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. பொறி விரைவாக எழுந்து நிற்கும், கடிதம் எழுதும், கணக்குப் போடும், பாட்டுப் பாடும். ஆனால் உலாவியில் பத்துப் பக்கங்களை ஒருங்கே திறந்தால் மீண்டும் தள்ளாடத் தொடங்கும். இது இயங்குதளத்தின் குற்றமன்று. இன்றைய வலைப்பக்கம் ஒவ்வொன்றும் விளம்பரங்களையும் அசையும் படங்களையும் சுமந்துகொண்டு ஊர்வலம் போல வருகிறது. இரண்டு மூன்று பக்கங்களோடு நிறுத்திக்கொள்வதும், விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரல் ஒன்றை உலாவியில் சேர்ப்பதும் போதிய பரிகாரம்.

வேறு சில தடைகளும் உள. பழைய லேசர் அச்சுப்பொறிகள் சிலவற்றுக்கு லினக்ஸில் இயக்கி கிடைப்பது அரிது. கடைக் கணக்குக்கென்று விண்டோஸ் மென்பொருளையே நம்பியிருப்பவரும், வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்பச் சாவியைப் பயன்படுத்துபவரும் அந்த ஒரு பொறியைத் தொடாதிருப்பதே நன்று. விரல்ரேகைக் கருவிகளும் பல சமயம் முரண்டு பிடிக்கும். ஓய்வூதியம் பெறும் பெரியோர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். உயிர்ச் சான்றிதழைக் கைப்பேசியில் முகம் காட்டியே பெறும் வழி 2021 முதல் உள்ளது. இவ்வளவும் செய்து பார்த்தபின்னும் எழாத பொறியை, தெருவில் கூவிச் செல்லும் பிக்ரிவாலாவிடம் எடைக்குப் போட்டுவிடாமல், வட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, பதிவு பெற்ற மின்கழிவு நிலையத்தாரிடம் சேர்ப்பதே முறை. அதிலுள்ள ஈயம் நம் மண்ணுக்கும் நீருக்கும் ஆகாது.

வீட்டுப் பொறியின் கதையை இவ்வளவு விரித்துக் கூறுவதற்கு, சிக்கனத்தைவிடப் பெரிய காரணம் வெளிமாநிலத் தமிழர்க்கு உண்டு. இந்த இயங்குதளங்கள் நம் மொழியை அறிந்தவை. டெபியனை நிறுவும் படத்திரையின் மொழிப்பட்டியலிலேயே தமிழ் நிற்கிறது. லிபர் ஆஃபீஸைத் தமிழில் அமைத்தால் மேலே “கோப்பு” என்பது போன்ற தமிழ் எழுத்துகள் தோன்றுகின்றன. வீதியில் வங்காளமும் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பயிலும் குழந்தை, வீட்டில் தமிழைப் பேசுகிறதே ஒழிய எழுத்தாகக் காண்பது அரிது. நாள்தோறும் அழுத்தும் பொத்தானில் தமிழைக் காண்பது சிறு லாபமன்று. தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டு ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற அம்முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தை இருமுறை அழுத்தினால் முதல் ககரத்தின் தலையில் புள்ளி தானே ஏறிக்கொள்ளும். பதினைந்து நாள் பழகினால் கை வந்துவிடும்.

இவையெல்லாம் வானத்திலிருந்து விழவில்லை. வங்காளிகள் இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் அங்கூர் என்ற குழுவாகக் கூடி லினக்ஸைத் தம் மொழிக்குப் பெயர்த்தனர். நாம் அங்குரம் என்று முளைக்கு வழங்கும் சொல்லே அது. சென்னையிலுள்ள சி-டாக் கூடம் 2007-இல் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை இந்திய மொழிகளோடு வெளியிட்டது. தமிழகத்தில் சி. உமாசங்கர் தலைமையில் எல்காட் நிறுவனம் அதே காலத்தில் தன் பொறிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. கேரளப் பள்ளிகளோ அப்பாதையை விடாமல் இன்றளவும் கட்டற்ற இயங்குதளத்திலேயே பயிற்றுவிக்கின்றன. இவ்விஷயத்தில் அண்டை வீட்டாரின் விடாப்பிடி நமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழ்ப் பட்டியல்களில் பாதி ஆங்கிலமாகவே நிற்கும் இடங்கள் இன்னும் பல. அவற்றைப் பெயர்ப்போர் தன்னார்வலர். நல்ல தமிழும் மாலையில் ஒரு மணி நேரமும் உடையவர் எவரும், பாலிகஞ்சில் இருந்துகொண்டே, அப்பணியில் சேரலாம்.

இறுதியாக, பழைய வட்டிலிருந்து பிரதி எடுத்தோமே, அந்தக் கோப்புகளைச் சற்றுத் திறந்து பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கட்டுரையோ, குடும்ப வம்சாவளியோ, சங்க மலருக்கு எழுதிய வரவேற்புரையோ இருந்தால், திரையில் தமிழ் தோன்றாது. ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் குறிகளும் தாறுமாறாய்த் தோன்றும். கோப்புக் கெட்டுவிடவில்லை. அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். அந்தப் பழைய எழுத்துருக் கோப்பு பழைய பொறியிலேயே இருக்கும். அதனைப் புதிய இயங்குதளத்தில் சேர்த்தால் கட்டுரை மீண்டும் தமிழாய்த் தெரியும். நிலையாக வைத்துக்கொள்ள விரும்பினால் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஓப்பன்-தமிழ் முதலிய கட்டற்ற நிரல்கள் அதற்கு உள. கட்டுரைக்கு இடையே வந்த ஆங்கிலப் பெயர்களையும் தமிழென்று கருதி யந்திரம் உருமாற்றிவிடுவது உண்டாதலால், மூலத்தையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாற்றிய பிரதியை ஒருவர் வரி வரியாக வாசித்துத் திருத்த வேண்டும். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே அதனைச் செய்துவிடுவது நல்லது.